கல்லில் நார் உரித்த பொரோமினி

1620ஆம் ஆண்டில், ரோம் நகரின் புனித பேதுரு பேராலயத்தில் சாரத்திலிருந்து தவறி விழுந்து லியோனே கரோவோ என்ற கல்தச்சர் இறந்துபோனார். அவருடைய வீட்டில் ஓர் இளைஞன் தங்கியிருந்தான். தாய்வழி உறவு; ஊர் விட்டு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது; வயது இருபது. பெயர் பிரான்செஸ்கோ காஸ்தெல்லி. உறவினர் உயிர்விட்ட அதே பணிக்களத்தில் அவன் தொடர்ந்து கல் கொத்தினான். சில ஆண்டுகளில் தன் பெயரைப் பொரோமினி என்று மாற்றிக்கொண்டான். ரோமில் காஸ்தெல்லிகள் பலர் இருந்ததால் தன்னைத் தனியே அடையாளம் காட்டவே அப்படிச் செய்தான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

பாரோக் கட்டடக்கலையின் பெரும்பெயர்களில் ஒன்றாகப் பொரோமினி இன்று நிற்கிறார். ஆனால் அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அவருடைய சிடுசிடுப்பு, தனிமை, போட்டியாளரான பெர்னினியோடு கொண்ட பகை, தற்கொலை ஆகியவற்றையே சுற்றிச்சுற்றி வருகின்றன. வளைந்து நெளியும் சுவர்களைக் கலங்கிய மனத்தின் வெளிப்பாடு என்று சொல்லிவிடுவது எளிது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்செஸ்கோ மிலிசியா போன்ற விமர்சகர்கள் அதைத்தான் செய்தார்கள். கட்டடங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பத்து வயதுக்குள் உளி பிடித்த ஒருவர், கல்லும் செங்கல்லும் சுதையும் எதுவரை தாங்கும் என்று கையால் அறிந்த ஒருவர், அந்த அறிவை எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறார். அவருடைய துணிச்சலுக்கு ஊற்று தொழில்தான்.

அவர் பிறந்தது 1599 செப்டம்பரில், லுகானோ ஏரிக்கரையில் உள்ள பிஸ்ஸோனே என்ற சிற்றூரில். இன்று அது சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலத்தில் இருக்கிறது. அந்த ஏரிக்கரை ஊர்களுக்கு விளைநிலம் குறைவு, மலை அதிகம். எனவே ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சர்களாகவும் கொத்தனார்களாகவும் சுதைச் சிற்பிகளாகவும் வெளியூர்களுக்குப் போய்ச் சம்பாதித்தார்கள். ஒருவர் போய் வேலை பிடித்ததும் தம்பியையும் மருமகனையும் அழைத்துக்கொள்வார். 1586இல் வத்திக்கானின் எகிப்தியக் கல்தூணை இடம்பெயர்த்து ஐரோப்பாவையே வியக்கவைத்த டொமினிக்கோ ஃபொந்தானா, பிஸ்ஸோனேவுக்கு எதிர்க்கரையில் உள்ள மெலிதே ஊர்க்காரர். அவருடைய சகோதரி மகன் கார்லோ மதெர்னோ அதே ஏரியின் தென்முனையில் உள்ள கப்போலாகோவைச் சேர்ந்தவர். இறந்துபோன கரோவோ, மதெர்னோவின் குடும்பத்தில் பெண் எடுத்தவர். ரோம் நகரின் மிகப் பெரிய கட்டுமானங்கள் இந்த ஒரே ஏரிக்கரைச் சொந்தபந்தத்தின் கையில் இருந்தன என்றால் மிகையில்லை.

பிரான்செஸ்கோவின் தந்தையும் இதே தொழில்தான். மகனுக்கு ஒன்பது வயது ஆனபோது மிலானுக்கு அனுப்பிக் கல்வேலை கற்க வைத்தார். மிலான் பேராலயம் அப்போது இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் முடியாத கோத்திக் கட்டடம். அதனாலேயே அது ஒரு பெரிய பள்ளிக்கூடமாகவும் இருந்தது. ஊசிமுனைக் கோபுரங்கள், மெல்லிய கல் சட்டங்கள், ஒரு வடிவத்தைச் சுழற்றி அடுத்த வடிவத்தைப் பிறப்பிக்கும் கோத்திக் கணக்கு எல்லாம் அங்கே நடைமுறையில் இருந்தன. ரோமில் வளர்ந்த கட்டடக் கலைஞர்கள் பழைய ரோமானியத் தூண் இலக்கணத்தைப் பாடமாகப் படித்தார்கள். இந்தப் பையன் முக்கோணத்தையும் வட்டத்தையும் கவராயத்தால் கோத்து வடிவம் கண்டுபிடிக்கும் வடக்கத்தி முறையை முதலில் கற்றான். பின்னாளில் அவருடைய தளவரைபடங்கள் ரோமானியர்களுக்குப் புரியாத புதிராகத் தோன்றியதற்கு இது முக்கியமான காரணம் என்று கருதுகிறேன்.

1619இல் அவர் பெற்றோரிடம் சொல்லாமலே மிலானை விட்டுப் புறப்பட்டார். தந்தைக்கு வரவேண்டிய கடன்தொகை ஒன்றைத் தானே வசூலித்துக்கொண்டு ரோமுக்குப் போனார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் பால்டினூச்சி எழுதுகிறார். பால்டினூச்சிக்குத் தகவல் கொடுத்தவர் பொரோமினியின் சகோதரர் மகன் பெர்னார்டோ. குடும்பத்துக்குள் வழங்கிய கதை என்பதால் இதில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.

புனித பேதுரு பேராலயத்தில் அவருக்குக் கிடைத்தது அலங்கார வேலை. வாயில்களுக்கு மேலே குழந்தைத் தேவதைகளின் தலைகள், பூச்சரங்கள், கேடயங்கள். சாந்தந்திரேயா தெல்லா வாலே தேவாலயக் குவிமாடத்தின் உச்சியில் உள்ள விளக்குக்கூட்டுக்குத் தூண்தலைகளும் செதுக்கினார். கீழிருந்து பார்ப்பவருக்கு அவற்றின் நுணுக்கம் தெரியாது. சாரத்தில் ஏறி நிற்பவருக்குத்தான் தெரியும்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று சற்று விரிவாகச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். சுவரின் மேல்விளிம்பில் ஓடும் ஒரு கல்வரியை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குவெட்டில் ஒரு குழிவு, ஒரு உருட்டு, இடையில் ஒரு பட்டை என்று ஏற்ற இறக்கம் இருக்கும். அந்த வடிவத்தை முழு அளவில் ஒரு பலகையிலோ தகட்டிலோ வெட்டி எடுத்துக்கொள்வார்கள். கல்லின் இரு முனைகளிலும் அதை வைத்துக் கோடு கிழிப்பார்கள். பிறகு கூருளியால் உடைத்தெடுத்து, பல்லுளியால் சமன்செய்து, தட்டையுளியால் துடைத்து, இரு கோடுகளுக்கும் இடையே உள்ளதை நீளவாக்கில் எடுப்பார்கள். நேர்ச்சுவர் என்றால் ஒரு மாதிரித் தகடு போதும். சுவர் வளைந்தால் கதை மாறிவிடும். மேலிருந்து பார்க்கும் வளைவுக்குத் தனி மாதிரி வேண்டும். பக்கத்துக் கல்லோடு சேரும் முகம் வளைவின் மையத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். குழிந்த சுவர் குவிந்த சுவராகத் திரும்பும் இடத்தில் வரும் கல்லுக்கு இரண்டு மையங்கள். அங்கே ஒரு விரலளவு தவறினாலும் இணைப்பு வாய்பிளந்து நிற்கும். இந்தத் தொல்லைக்கு அஞ்சியே பல கட்டடக் கலைஞர்கள் நேர்கோட்டை விட்டு விலகவில்லை. பொரோமினிக்கு இது சிறுவயதுப் பழக்கம்.

பேராலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த மதெர்னோவும் இளமையில் சுதையும் கல்லும் தொட்டுப் பழகியவர். முதுமையும் நோயும் அவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்ட காலத்தில், வரையத் தெரிந்த இந்த உறவுக்காரப் பையன் அவருக்குக் கையாக அமைந்தான். அந்தக் காலத்தில் கட்டட வரைபடங்களைப் பெரும்பாலும் மையால் வரைந்து வண்ணம் பூசுவார்கள். பொரோமினி கரிக்கோலை விரும்பினார். நன்றாகக் கூர்தீட்டிய கிராஃபைட் முனையால் மெல்லிய கோடுகளை இழுத்து, மறுபடி இழுத்து, அதே தாளில் ஐந்தாறு யோசனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். கல்லில் முதலில் மெலிதாகக் கீறிப் பார்த்துப் பிறகு ஆழமாக வெட்டும் பழக்கம் தாளிலும் தொடர்ந்தது.

மதெர்னோ 1629 ஜனவரியில் காலமானார். அவருடைய பதவி ஜியான் லொரென்சோ பெர்னினிக்குப் போயிற்று. பொரோமினியைவிடப் பெர்னினி மூத்தது சில மாதங்களே. சிற்பி மகன், தானும் அற்புதமான சிற்பி, போப் எட்டாம் அர்பனின் செல்லப்பிள்ளை, பேச்சில் வல்லவர். ஆனால் பெரிய கட்டடம் எதையும் அதுவரை கட்டி முடித்த அனுபவம் அவருக்கு இல்லை. பர்பெரினி மாளிகையிலும், பேதுருவின் கல்லறைமேல் எழுந்த வெண்கல விதானத்திலும் நுட்ப வரைபடங்களை வரைந்து தள்ளியவர் பொரோமினி. முறுக்கிய தூண்களும் மேலே எழும் சுருள்களும் யார் யோசனை என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை. சம்பளக் கணக்கில் உதவியாளராகப் பெயர் இருந்தது. புகழ் ஒருவருக்கே போனது. 1633 வாக்கில் இருவரும் பிரிந்தார்கள்.

இதில் பெர்னினியை வில்லனாக்குவது நியாயமல்ல. 1632இல் ரோம் பல்கலைக்கழகமான சப்பியென்சாவின் கட்டடக் கலைஞர் பதவிக்குப் பொரோமினியைப் பரிந்துரைத்தவரே அவர்தான். இருவருக்கும் இடையில் இருந்தது மனக்கசப்போடு ஒரு தொழில் வேறுபாடும்கூட. அன்றைய ரோமில் உருவத்தைப் படைக்கும் சிற்பிக்கு அரசவையில் இருக்கை உண்டு. கல்வரியும் தூண்தலையும் கொத்துபவர் கூலிக்காரர். இருவர் கையிலும் உளிதான். ஆனால் வேலை முடிந்ததும் அளவையர் வந்து ஒவ்வொரு விளிம்பையும் முழம்போட்டு, இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு காசு என்று கணக்குப் பார்ப்பது ஒருவருடைய உழைப்பை மட்டுமே.

1634இல் பொரோமினிக்கு முதல் தனி வேலை வந்தது. கொடுத்தவர்கள் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்திருந்த வெறுங்கால் திரித்துவச் சபைத் துறவிகள். கையில் காசு இல்லை. இடமோ நான்கு நீரூற்றுகள் இருக்கும் நாற்சந்தியின் ஒரு மூலையில், கோணல்மாணலான சின்ன மனை. பொரோமினி கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையை எடுத்துக்கொண்டார். முதலில் தங்குமிடமும் உள்முற்றமும். 1638 பிப்ரவரியில் தேவாலயத்துக்கு அடிக்கல். அதுதான் சான் கார்லோ அல்லே குவாத்ரோ ஃபொந்தானே. அதன் சிற்றளவைக் குறித்து, அதைப் பிரியமாகக் 'குட்டி கார்லோ' என்றே ரோமானியர்கள் அழைக்கிறார்கள். புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களில் ஒன்றன் அடியில் இந்தத் தேவாலயம் முழுதும் அடங்கிவிடும் என்று சொல்வார்கள்.

உள்முற்றத்தில் கொஞ்சம் நிற்கலாம். நீள்சதுர முற்றம் என்றால் நான்கு மூலைகள் இருக்கும். இங்கே மூலையே கிடையாது. சுவர் திரும்பவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் அது முற்றத்தை நோக்கி மெல்லக் குவிந்து வளைந்துவிடுகிறது. சிறிய இடத்தில் கண் எங்கும் முட்டிக்கொள்வதில்லை. மேல்தளத்தின் கைப்பிடிச் சுவரில் வரிசையாக நிற்கும் குட்டைத் தூண்களைப் பாருங்கள்: ஒன்றின் பருத்த வயிறு கீழே இருக்கிறது, அடுத்தது தலைகீழாக, பருத்த பகுதி மேலே. ஒரே வடிவத்தைத்தான் வெட்டியிருக்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை. வரிசைக்கு அசைவு வந்துவிட்டது. இப்படி ஒரு யோசனை கல் அடுக்கும் கொட்டகையில் நின்று பார்த்தவனுக்குத்தான் தோன்றும்.

தேவாலயத்தின் உள்ளே பதினாறு தூண்கள். சுவர் அவற்றின் பின்னால் குழிந்தும் நேராகியும் அலைகிறது. தளத்தின் அடிப்படை வடிவம், அடிப்பக்கத்தைப் பொதுவாக வைத்து ஒட்டி நிற்கும் இரண்டு சமபக்க முக்கோணங்கள். அவற்றுக்குள் வட்டங்கள், அந்த வட்டங்களைச் சேர்த்து ஒரு நீள்வட்டம். மேலே எழும் குவிமாடமும் நீள்வட்டம்தான். அதன் உட்புறத்தில் சிலுவை, அறுகோணம், எண்கோணம் ஆகியவை ஒன்றோடொன்று கொக்கிபோட்ட மாதிரி பதிந்திருக்கின்றன. உச்சியை நோக்கிப் போகப்போக அவை சிறுத்துக்கொண்டே போவதால் மாடம் உண்மையைவிட உயரமாகத் தோன்றுகிறது. குவிமாடத்தின் அடியில், சுதை இலைவரிசைக்குப் பின்னால் சன்னல்களை ஒளித்துவைத்திருக்கிறார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. மாடம் மிதக்கிறது.

விலையுயர்ந்த பளிங்கு இல்லை. பொன்பூச்சுக்கும் பெரிய இடம் கொடுக்கவில்லை. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, வெள்ளைச் சுதை. பெர்னினி வண்ணப் பளிங்கையும் வெண்கலத்தையும் கொட்டி உருவாக்கிய கிளர்ச்சியைப் பொரோமினி வெறும் வெள்ளையாலும் நிழலாலும் உருவாக்கினார். ஏழைத் துறவிகளின் பணப்பை அவரை இந்த வழிக்குத் தள்ளியது என்பது உண்மை. ஆனால் பின்னாளில் பணக்காரப் புரவலர்கள் வந்தபோதும் அவர் இந்த வெள்ளையைக் கைவிடவில்லை.

கட்டுமானத்தை நேரில் கண்ட துறவி ஒருவர் மடத்தின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார். கொத்தனாரின் கரணையையும், சுதைக்காரரின் கையையும், தச்சரின் ரம்பத்தையும், கல்தச்சரின் உளியையும், கொல்லரின் அரத்தையும் பொரோமினி தானே நின்று நடத்தினார் என்பது அவர் தரும் சித்திரம். இதனால் வேலை உயர்ந்தது, செலவு குறைந்தது என்றும் அவர் வியக்கிறார். பல நாட்டவர்கள் வந்து தளவரைபடம் கேட்டார்களாம். பொரோமினியைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றிலும் எனக்கு மிக உண்மையாகப் படுவது இந்தத் துறவியின் சாட்சிதான். அதில் தெரிபவர் வேலை தெரிந்த மேஸ்திரி. வாழ்க்கை வரலாறுகளின் சிடுமூஞ்சியை அங்கே காணோம்.

1637இல் புனித பிலிப்பு நேரியின் சபையினர் தங்கள் ஜெபமண்டபத்தையும் இல்லத்தையும் கட்ட அவரை அமர்த்தினார்கள். பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய தேவாலயத்துக்கு டிராவர்டைன் கல்லால் ஆன முகப்பு உண்டு. அதற்குப் போட்டியாகத் தெரியக்கூடாது என்பதால் மண்டபத்தின் முகப்பைச் செங்கல்லிலேயே கட்டவேண்டும் என்று கட்டளை. கல்தச்சரிடம் கல்லைத் தொடாதே என்கிறார்கள்! பொரோமினி செங்கல்லையே கல்லாகப் பாவித்தார். செங்கற்களைத் தேய்த்து வழவழப்பாக்கி, இடையில் சாந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கி அடுக்க வைத்தார். முகப்பு முழுவதும் மெல்லக் குழிந்து, நடுவில் மட்டும் சற்று முன்னே பிதுங்கும். விரித்த கைகளால் வருகிறவரை அணைக்கும் மனித உடலாக அதை எண்ணிச் செய்ததாக அவரே விளக்குகிறார். முழு முகப்பும் இணைப்பே இல்லாத ஒரே சுட்ட மண் துண்டாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஏக்கமும் அவருக்கு இருந்தது. நண்பரும் அந்தச் சபைத் துறவியுமான விர்ஜிலியோ ஸ்பாதாவோடு சேர்ந்து 1640களில் எழுதிய விளக்கநூலில் இவை இருக்கின்றன. அந்நூல் அச்சேறியது 1725இல்.

இதற்கிடையே பேதுரு பேராலய முகப்பின் இரு பக்கமும் மணிக்கோபுரம் எழுப்பப் பெர்னினி முனைந்தார். தெற்குக் கோபுரம் எழுந்ததும் கீழே முகப்பில் விரிசல் விட்டது. அர்பன் இறந்து, 1644இல் பத்தாம் இன்னொசென்ட் போப்பானார்; விசாரணை தொடங்கியது. அந்த முகப்பின் அஸ்திவாரத்தை இட்டவர் மதெர்னோ. அவருடைய கைப்பிள்ளையாக இருந்து, அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையையும் அறிந்த பொரோமினி, கனம் தாங்காது என்று வரைபடத்தோடு வாதாடினார். 1646இல் கோபுரம் இடிக்கப்பட்டது. பொறாமை என்றார்கள் பலர். பொறாமை இருந்திருக்கலாம். விரிசல் இருந்ததும் உண்மை.

சப்பியென்சா பல்கலைக்கழகத்தின் பழைய முற்றத்துக் கடைசியில், 1640களின் தொடக்கத்தில் அவர் ஆரம்பித்த சான்த் ஈவோ தேவாலயம் 1660இல்தான் அர்ப்பணிக்கப்பட்டது. மூன்று போப்புகளின் காலம். ஒவ்வொரு போப் மாறும்போதும் பணம் நின்று மீண்டும் வந்தது. பின்னிக்கொண்ட இரு முக்கோணங்கள் தரும் ஆறுமுனை வடிவமே தளம். ஒரு முனை வட்டமாகக் குழிகிறது, அடுத்தது குவிந்து உள்ளே வருகிறது. சாதாரணமாகக் குவிமாடத்துக்கும் சுவருக்கும் நடுவே உருளைவடிவ இடைச்சுவர் ஒன்று வரும். இங்கே அது கிடையாது. சுவரின் அந்த நெளிவு அப்படியே மேல்விளிம்பில் ஏறி, குவிமாடமாகவே தொடர்ந்து, மேலே போகப்போகத் தன் நெளிவை இழந்து இழந்து, உச்சியில் சுத்தமான வட்டமாகிவிடுகிறது. எந்தப் புள்ளியில் நட்சத்திரம் வட்டமானது என்று கண்ணால் பிடிக்கமுடியாது. கல்வரி வெட்டும் முறையை நினைவில் வைத்துப் பார்த்தால் இதன் கடினம் புரியும்: கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு வரிசைக்கும் மாதிரித் தகடு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே விளக்குக்கூட்டின் மேல் சுருளாக ஏறும் ஒரு கோபுரம், அதன் முடிவில் தழல், அதற்கும் மேல் இரும்புக் கம்பிக்கூடு, உருண்டை, சிலுவை. இந்தச் சுருள் எதைக் குறிக்கிறது என்று நத்தை ஓடு முதல் பாபேல் கோபுரம் வரை பல விளக்கங்கள் உண்டு. எதையும் நிச்சயமாகச் சொல்ல ஆதாரம் போதாது.

பத்தாம் இன்னொசென்ட் அவரை நம்பினார். 1650 ஜூபிலி ஆண்டுக்குள் லாத்தரன் பேராலயத்தின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்து அந்தப் பழங்கட்டடத்தை இடிக்கக்கூடாது. ஆனால் அது சாய்ந்துகொண்டிருந்தது. பொரோமினி பழைய தூண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் புதிய பெருந்தூண்களுக்குள் பொதித்து நிறுத்தினார். பழைய கோயிலிலிருந்து எடுத்த பச்சைப் பளிங்குத் தூண்களைச் சுவர்மாடங்களில் வைத்தார். மூன்றாண்டுச் சொச்சத்தில் முடிந்த வேலை. மாடங்களில் இன்று நிற்கும் அப்போஸ்தலர் சிலைகள் 18ஆம் நூற்றாண்டில் வந்தவை. அதுவரை அவை காலியாகவே இருந்தன.

அந்தப் பணிக்களத்தில் 1649இன் இறுதியில் ஒரு கொலையும் நடந்தது. அலங்காரக் கற்களைச் சேதப்படுத்திய ஆள் ஒருவனைப் பிடித்து, பொரோமினியின் உத்தரவின்பேரில் வேலையாட்கள் அடித்தார்கள். அவன் இறந்துபோனான். பொரோமினிக்கு நாடுகடத்தும் தண்டனை கிடைத்தது. போப்பின் தயவால் அது மிகவும் குறைக்கப்பட்டது. 1652இல் அதே போப் அவருக்கு வீரப்பட்டமும் வழங்கினார். கல்லின் மேல் வைத்த காதலுக்கு இதைச் சாட்சியாகச் சொல்லி மெழுகிவிடுவோர் உண்டு. செத்தது ஒரு மனிதன். செய்யச் சொன்னவர் அதிகாரம் கையில் வைத்திருந்த மேஸ்திரி. அவருடைய கட்டடங்களை நேசிப்பவர்கள் இதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

ஸ்பாதா மாளிகையின் தூண்வரிசை நடை 1650களின் தொடக்கத்து வேலை. ஒன்பது மீட்டருக்கும் குறைவான நீளம். முற்றத்திலிருந்து பார்த்தால் முப்பத்தைந்து மீட்டர் போலத் தெரியும். தரை மேலேறுகிறது, கூரை இறங்குகிறது, தூண்கள் உள்ளே போகப்போகக் குள்ளமாகின்றன. ஜியோவன்னி மரியா த பித்தோந்தோ என்ற துறவி கணக்குப் போட்டு உதவினார். வேடிக்கை என்று பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: முன்தூணுக்கு வெட்டிய மாதிரி பின்தூணுக்குப் பயன்படாது. வரிசைக்கு வரிசை அளவு மாறும்.

1650களின் பிற்பாதியில் காற்று திசைமாறியது. ஏழாம் அலெக்சாந்தர் போப்பானதும் பெர்னினியின் நட்சத்திரம் மீண்டும் உயர்ந்தது. நவோனா சதுக்கத்துச் சாந்தாஞ்ஞேசே தேவாலய வேலை பொரோமினியின் கையைவிட்டுப் போயிற்று. 1665இல் பாரிஸ் சென்றிருந்த பெர்னினி, மற்றவர்கள் மனித உடலைப் பார்த்து அளவு எடுக்கிறார்கள், இவர் கற்பனை விலங்குகளைப் பார்த்து எடுக்கிறார் என்ற பொருள்படப் பேசியதைப் பிரெஞ்சு வழிகாட்டி ஒருவர் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். விரித்த கைகளோடு நிற்கும் மனித உடலை முகப்பாக நினைத்தவர் மேல் இப்படியொரு குற்றச்சாட்டு!

1667 கோடையில் அவர் நோயுற்றார், தூக்கம் கெட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓர் இரவு, உயில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் விளக்கை அணைத்துவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார் உடனிருந்த பிரான்செஸ்கோ மஸ்ஸாரி. மஸ்ஸாரி வீட்டுப் பணியாள் மட்டுமல்ல, அவருடைய கட்டடப் பணிகளில் மேஸ்திரியாகவும் இருந்தவர். பிறகு பொரோமினி மீண்டும் விளக்குக் கேட்டபோது மருத்துவர் சொல்லை நினைத்து மஸ்ஸாரி மறுத்தார். அந்த ஆத்திரத்தில் பொரோமினி தன் வாளாலேயே தன்னைக் காயப்படுத்திக்கொண்டார். உயிர் உடனே போகவில்லை. நடந்ததைத் தெளிவாக வாக்குமூலமாகச் சொன்னார். அது இன்றும் இருக்கிறது. இறுதிச் சடங்குகளைப் பெற்று, தான் கேட்டுக்கொண்டபடி சான் ஜியோவன்னி தேய் ஃபியோரென்தீனி தேவாலயத்தில் மதெர்னோவின் கல்லறையிலேயே புதைக்கப்பட்டார்.

சான் கார்லோவின் முகப்பை அவர் 1665இல்தான் தொடங்கியிருந்தார். முழுக்க டிராவர்டைன் கல். கீழ்த்தளம் குழிந்து, நடுவில் குவிந்து, மீண்டும் குழிகிறது. மேல்தளத்தில் மூன்று பகுதிகளுமே குழிவு. இறக்கும்போது மேல்பகுதி பாக்கி. சகோதரர் மகனும் வாரிசுமான பெர்னார்டோ அதை 1670களில் முடித்தார். தேவதைகள் தாங்கும் பெரிய முட்டைவடிவப் பதக்கம் அங்கே விளிம்பை முறித்துக்கொண்டு மேலே எழுகிறது. கீழ்த்தளத்தின் இறுக்கத்தோடு அது ஒட்டவில்லை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது. வேறு கை தெரிகிறது.

அவருடைய வரைமுறை ரோமில் நிலைக்கவில்லை, வெளியே போயிற்று. சான் கார்லோ எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ரோமில் துறவுப்பயிற்சி பெற்ற இளைஞர் குவாரினோ குவாரினி, பிறகு தூரின் நகரில் சான் லொரென்சோவின் குவிமாடத்தை வளைவுப் பட்டைகள் பின்னிய கூடாரமாக எழுப்பினார். 1720களில் ரோமில் வெளிவந்த செப்புத்தகட்டு அச்சுநூல்கள் பொரோமினியின் தளங்களை ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் கொண்டுசேர்த்தன. போஹேமியாவின் தீன்ட்சென்ஹோஃபர் குடும்பமும் ஜெர்மனியின் பால்தசார் நோய்மானும் நீள்வட்டங்களைக் கோத்துக் கட்டிய தேவாலயங்களில் அந்த வழித்தடம் தெரியும்.

இறப்பதற்கு முன் அவர் தன் வரைபடங்கள் பலவற்றை எரித்தார் என்று பால்டினூச்சி சொல்கிறார். எதிரிகள் திருடிவிடுவார்கள் என்ற அச்சமாம். எஞ்சியவற்றில் பெரும்பகுதி வியன்னாவின் அல்பெர்தீனா அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் அந்தக் கரிக்கோல் தாள்களைக் கட்டடங்களின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே, மிலிசியாவின் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த 'கிறுக்கு' என்ற பட்டம் உதிரத் தொடங்கியது. ஒவ்வொரு நெளிவுக்கும் கீழே கவராயம் ஊன்றிய துளை இருந்தது.